மெடல் ஆஃப் ஆனர் கேம் வரிசை ஏன் நின்றுபோனது? முழுக் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புழுதிக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கால் ஆஃப் டூட்டி ஆடியே வளர்ந்தவன், அதிலும் மாடர்ன் வார்ஃபேருக்குப் பிறகு வந்தவைதான். அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால் இப்போதுதான் மெடல் ஆஃப் ஆனர்: அல்லைட் அசால்ட் போட்டு ஆடினேன். 2002இல் வந்த கேம் என்று நம்பவே முடியவில்லை. அந்த ஓமஹா கடற்கரை (நார்மண்டியில் அமெரிக்கப் படை இறங்கிய இடம்) லெவல் இருக்கிறதே, படகில் வரும்போது கையில் துப்பாக்கி இருந்தும் சுட ஒன்றும் இல்லை. முன்கதவு இறங்குகிறது, கூட வந்தவர்கள் அடுத்தடுத்து விழுகிறார்கள், மணலில் நட்டிருக்கும் இரும்புத் தடுப்பு ஒன்றின் பின்னால் பதுங்கி, மேலே இருக்கும் மெஷின் கன் வேறு பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து அடுத்த தடுப்புக்கு ஓடுவது மட்டும்தான் வேலை. சுடுவதற்கென்றே இருக்கிற கேமில் இவ்வளவு நேரம் சுட விடாமல் ஓட வைக்க யாருக்குத் துணிச்சல் வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நெட்டில் தேடினால் ஸ்பீல்பெர்க் பெயர் வருகிறது, அப்புறம் கால் ஆஃப் டூட்டி செய்தவர்களே இதையும் செய்தவர்கள் என்கிறார்கள், இன்னொரு பக்கம் 2012க்குப் பிறகு ஆளே இல்லை. இவ்வளவு பெரிய வரிசை எப்படிக் காணாமல் போனது? இனி எதை ஆடலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய டிஸ்க் எழுதியது:

ஸ்பீல்பெர்க் விஷயம் முழுக்க உண்மை தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரிசையின் குணம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

'சேவிங் பிரைவேட் ரயன்' படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங் நடந்துகொண்டிருந்த சமயம். அவருடைய மகன் நின்டெண்டோ 64இல் கோல்டன்ஐ 007 ஆடுவதைப் பார்த்தவருக்கு, இதே மாதிரி இரண்டாம் உலகப்போரை வைத்து ஒன்று செய்தால் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் போரைப் பற்றிச் சொல்ல வழி கிடைக்குமே என்று தோன்றியிருக்கிறது. அவருக்கு ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ் என்று ஒரு கேம் ஸ்டுடியோவே இருந்தது. அங்கே போய்ச் சொன்னதும் எல்லோரும் துள்ளிக் குதிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஷூட்டர் (சுடும் கேம்) என்றால் டூம், குவேக்தான். பேய், வேற்றுக்கிரகவாசி, லேசர் துப்பாக்கி. ஐம்பது வருடத்துக்கு முந்தைய போரை எந்தப் பையன் ஆடுவான் என்ற தயக்கம். ஆனாலும் கையில் இருந்த லாஸ்ட் வேர்ல்ட் டைனோசர் கேமின் எஞ்சினை (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) வைத்து அவசரமாக ஒரு டெமோ தயார் செய்து காட்டினார்கள், அவருக்குப் பிடித்துவிட்டது. தயாரிப்பாளர் பீட்டர் ஹிர்ஷ்மன், கதையும் அவர்தான் எழுதினார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள், இருபது வருடம் கழித்துத் திரும்ப வருவார்.

போரை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்று டேல் டையைக் கூட்டி வந்தார்கள். வியட்நாமில் சண்டை போட்ட மரைன் கேப்டன், ஸ்பீல்பெர்க் படத்தில் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். கேமே வேண்டாம், போரை விளையாட்டாக்குகிறார்கள் என்ற நினைப்போடுதான் அவரே வந்தார். கேம் செய்பவர்கள் எவ்வளவு அக்கறையோடு செய்கிறார்கள் என்று பார்த்த பிறகு மனம் மாறி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

அதைவிடப் பெரிய எதிர்ப்பு பால் புச்சாவிடமிருந்து வந்தது. மெடல் ஆஃப் ஆனர் என்பது அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த விருது, நம் பரம்வீர் சக்ரா இருக்கிற இடம். அந்த விருது பெற்றவர்களின் சங்கத்துக்கு அப்போது தலைவர் புச்சா, வியட்நாம் போரில் அதை வாங்கியவர். எங்கள் விருதின் பெயரை ஒரு வீடியோ கேமுக்கா வைப்பீர்கள் என்று நேரடியாக ஸ்பீல்பெர்க்கிடமே ஆட்சேபம் தெரிவித்தார். வேலையையே நிறுத்திவிடலாமா என்கிற அளவுக்குப் போனது. பிறகு அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து, செய்ததையெல்லாம் காட்டி, அவர் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது. அதே வருடம் ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்து, அமெரிக்கா முழுக்க வீடியோ கேம்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கேமில் இருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். 1999 நவம்பரில் பிளேஸ்டேஷனில் வந்ததை ஆடிப் பார்த்தால் தெரியும், ஒரு சொட்டு ரத்தம் இருக்காது, ஆனாலும் எதிரி விழுகிற விதம் பதற வைக்கும். காலில் சுட்டால் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான், ஹெல்மெட்டில் பட்டால் ஹெல்மெட் பறக்கும், நீ கையெறி குண்டு போட்டால் திருப்பி உதைப்பான், சில நேரம் சகாக்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுவான். 1999இல், அந்தச் சின்னப் பெட்டியில் இதைச் செய்தார்கள். ஒரு சில இடங்களில் ஜெர்மன் உடுப்பில் போய்க் காவலாளியிடம் அடையாளச் சீட்டை நீட்டவேண்டும், அவன் வாங்கிப் பார்க்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, எந்தச் சண்டைக் காட்சியிலும் அவ்வளவு பதற்றம் வராது.

இசை தனியாகச் சொல்லவேண்டியது. மைக்கேல் ஜக்கினோ, பிறகு 'அப்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், அப்போது பெயர் தெரியாத இளைஞர். கேமுக்கு முழு ஆர்கெஸ்ட்ரா வைத்து எழுதினார். ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பார்.

2000இல் வந்த அண்டர்கிரவுண்டில் கதாநாயகி மனோன், பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துப் பெண். ஹெலென் டெஷான் ஆடம்ஸ் என்ற நிஜ உளவாளியின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது, அவரே ஆலோசகராகவும் இருந்தார். 2000இல் ஒரு போர் கேமில் முழுக்க முழுக்கப் பெண்ணாக ஆடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார். நான் இந்த வரிசையிலேயே அதிகம் மதிக்கிற கேம் இதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவை இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) என்ற பெரிய கேம் நிறுவனம் வாங்கிக்கொண்டது, அவர்கள் கன்சோல் பக்கம் மும்முரமாக இருந்ததால் பிசிக்கான கேமை ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊரில் இருந்த 2015 என்ற சின்ன ஸ்டுடியோவிடம் கொடுத்தார்கள். (ஸ்டுடியோவின் பெயரே 2015தான், வருடம் என்று குழம்பாதே.) அவர்கள் குவேக் 3 எஞ்சினை வைத்துச் செய்ததுதான் நீ ஆடிய அல்லைட் அசால்ட், 2002 ஜனவரி வெளியீடு. அது பெரிய வெற்றி. அந்த வெற்றிச் சூடு ஆறுவதற்குள் ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா, கிராண்ட் காலியர் உட்பட 22 பேர் மொத்தமாக வெளியேறி இன்ஃபினிட்டி வார்ட் என்று தனி ஸ்டுடியோ ஆரம்பித்தார்கள். இஏவுக்குப் போட்டியான ஆக்டிவிஷன் நிறுவனம் பணம் போட்டது. 2003 அக்டோபரில் முதல் கால் ஆஃப் டூட்டி வந்தது. அதே குவேக் 3 எஞ்சின், அதே ஆட்கள், அதே போர். உள்ளே அதற்கு அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயரே மெடல் ஆஃப் ஆனரைக் கொல்லப் போகிறவன் என்ற பொருளில்தான் இருந்தது. ஆக, கரு இங்கே உண்டாகி அங்கே போய்ப் பிறந்தது. என்னைக் கேட்டால் மெடல் ஆஃப் ஆனர் விழுந்தது அந்த 22 பேர் கதவைத் தாண்டிய நாளில்தான்.

---

காலாட்படை எழுதியது:

அண்ணா, வரலாறு எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 22 பேர் போனதற்குப் பிறகு பத்து வருடம் இந்த வரிசை ஓடியது. 2002 மே மாதம் வந்த ஃப்ரன்ட்லைனை அந்த 22 பேரில் ஒருவரும் தொடவில்லை, இஏ லாஸ் ஏஞ்சலஸ்தான் செய்தது, அதாவது பழைய ட்ரீம்வொர்க்ஸ் ஆட்களே. பிஎஸ்2இல் அதை ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆர்ன்ஹெம் லெவலில் சிறுவர் கோரஸ் பாட்டு பின்னணியில் ஓட, இடிந்த தெருக்களில் நடக்கிற இடத்தை இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள். திறமை அந்த வீட்டில் நிறையவே மிச்சமிருந்தது.

கெடுத்தது அவசரம். எண்ணிப் பாருங்கள்: 2002 ஃப்ரன்ட்லைன், 2003 ரைசிங் சன், 2004 பசிஃபிக் அசால்ட், 2005 யூரோப்பியன் அசால்ட், 2006 பிஎஸ்பியில் ஹீரோஸ், 2007இல் வேன்கார்ட், ஏர்போர்ன், ஹீரோஸ் 2 மூன்றும். நடுவில் அல்லைட் அசால்ட்டுக்கு இரண்டு எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பகுதி) வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல யோசனை பாதியில் நிற்கும். ரைசிங் சன் ஆரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேர்ல் ஹார்பர், யுஎஸ்எஸ் கலிஃபோர்னியா கப்பலின் அடித்தளத்தில் படுக்கையில் கண் விழிக்கிறீர்கள், கப்பல் குலுங்குகிறது, புகையும் நெருப்புமாக இருக்கிற நடைவழிகளில் தட்டுத்தடுமாறி மேல்தளத்துக்கு ஏறி வந்தால் வானம் முழுக்க ஜப்பானிய விமானங்கள். அப்படியே விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டியதுதான். அந்த வருடத்தின் மிகச் சிறந்த தொடக்கம் அதுதான் என்று அடித்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அந்தத் தரத்துக்கு ஒரு லெவல்கூட வரவில்லை, எதிரிகள் மரம் மாதிரி நிற்கிறார்கள், முடிவில் தம்பி டானி ஜப்பானியர் கையில் சிக்கிக்கொண்டிருக்கும்போதே கதை தொங்கலில் நின்றுவிடும். தொடர்ச்சி வரும் என்றார்கள், ரத்து செய்துவிட்டார்கள். டானிக்கு என்ன ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இந்தக் கேம் கடைக்கு வந்தது முதல் கால் ஆஃப் டூட்டி வந்து இரண்டே வாரத்தில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட எவனும் எதை வாங்குவான்?

இன்னொரு விஷயம், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெடல் ஆஃப் ஆனரின் அடிப்படை தனி ஆள் சாகசம். ஜிம்மி பேட்டர்சன் என்ற ஓஎஸ்எஸ் (போர்க்கால அமெரிக்க உளவுத்துறை) உளவாளி ஒற்றையாளாக நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நுழைவார், கனநீர் ஆலையைத் தகர்ப்பார், கோட்டையைப் பிடிப்பார். கால் ஆஃப் டூட்டி முதல் கேமிலேயே அதைத் திருப்பிப் போட்டது. அமெரிக்கர், பிரிட்டிஷ்காரர், சோவியத் வீரர் என்று மூன்று பேர், மூவரைச் சுற்றியும் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருப்பார்கள், நாம் அந்தக் கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான். துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் குறிபார்ப்பதும் அதில்தான் இயல்பாக வந்தது. அல்லைட் அசால்ட்டில் ஸ்னைப்பர் தவிர வேறு எதிலும் அது கிடையாது, தம்பி கவனித்திருப்பார். ஓமஹாவில் அதே ஆட்கள் கண்டுபிடித்த கூட்டத்தோடு ஓடும் அனுபவத்தை ஒரு லெவலிலிருந்து எடுத்து முழு கேமாக விரித்தார்கள். மெடல் ஆஃப் ஆனர் பக்கம் இருந்தவர்களுக்குத் தங்கள் கையில் இருந்தது என்ன என்று தெரியவில்லை என்றே நினைக்கிறேன். பசிஃபிக் அசால்ட்டில் தாமதமாகப் புரிந்து, நாலு பேர் கொண்ட குழு, அடிபட்டு விழுந்தால் கூப்பிடுகிற மருத்துவ வீரர் எல்லாம் கொண்டுவந்தார்கள். அந்த மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டுக் கண் மங்கலாகிக் கிடக்கும் நேரம் நன்றாக இருக்கும், ஆனால் அன்றைய சாதாரண பிசிகளில் கேம் ஊர்ந்தது.

2007தான் தீர்ப்பு வருடம். செப்டம்பரில் ஏர்போர்ன். பாராசூட்டில் குதித்து விருப்பப்பட்ட இடத்தில் இறங்கலாம், பச்சைப் புகை தெரிகிற இடம் பாதுகாப்பானது, துணிச்சல் இருந்தால் எதிரி நிற்கும் கூரை மேலேயே இறங்கு. அருமையான யோசனை. சிசிலியில் ஆரம்பிக்கும், ரொம்ப நன்றாகப் போகும், கடைசிக்கு வரும்போது முகமூடி போட்டு எம்ஜி42 மெஷின் கன்னைக் கையில் தூக்கிக்கொண்டு, எத்தனை குண்டு பட்டாலும் விழாமல் நடந்து வருகிற ஒரு ஜெர்மானியனைக் கொண்டுவந்து அத்தனை நம்பகத்தன்மையையும் தாங்களே உடைத்தார்கள். நவம்பரில் கால் ஆஃப் டூட்டியின் மாடர்ன் வார்ஃபேர் வந்தது. அதோடு உலகப்போர் ஷூட்டர்களின் முதல் காலம் முடிந்தது.

---

கிள்ளான்காரன் எழுதியது:

காலாட்படை அண்ணே ரைசிங் சன் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நான் மலேசியா. அந்தக் கேமில் சிங்கப்பூரில் ஒரு மிஷன் வரும், பிறகு குவாய் நதிப் பாலத்தை வைத்தே ஒரு மிஷன் வரும். பள்ளிக்கூட நாளில் கூட்டாளி வீட்டில் அதை ஆடிக்கொண்டிருந்தபோது அந்தப் பாலம் திரையில் வந்ததும் என் பாட்டி நின்று பார்த்தார். அவர்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (தாய்லாந்து) ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டு போனபோது அவருடைய அண்ணனும் போனார், திரும்பி வரவில்லை.

தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவில் ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதை. 1942, 43இல் ஜப்பான் ராணுவம் போட்டது. 60,000க்கு மேல் நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெயர் பொறித்திருக்கிறது. ஆசியத் தொழிலாளிகள் அதைவிடப் பல மடங்கு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி. அவர்களில் இறந்தவர்கள் பல பத்தாயிரம் என்பதற்கு மேல் சரியான கணக்கே கிடையாது, ஏனென்றால் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, அமெரிக்க மரைன் வீரனைப் பற்றிய கேம், அவன் வந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போகிறான். ஆனால் இந்த வரிசை பிறந்ததே பிள்ளைகளுக்குப் போரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றுதான் என்று பழைய டிஸ்க் அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்தப் பாலத்தை யார் கையால் கட்டினார்கள் என்று மிஷன் தொடங்குமுன் ஒரு நிமிடம் சொல்லியிருக்கலாம். உலகம் பூரா லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆடிய கேம், வேறு எதில் இதைக் கேள்விப்படப் போகிறார்கள்? எனக்கு அந்த மிஷனை ஆடிய பிறகுதான் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்கத் தோன்றியது, அந்த வகையில் கேமுக்கு நன்றிதான்.

---

பழைய டிஸ்க் எழுதியது:

கிள்ளான்காரன், எழுதியதற்கு நன்றி தம்பி. பாட்டி சொன்னதையெல்லாம் எங்காவது எழுதி வை, பெயர்களோடு.

உலகப்போரில் நம் பக்கத்துத் தடம் இன்னொன்று இருக்கிறது, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓமஹா கடற்கரையில் முள்கம்பி வேலியைத் தகர்க்க நீளமான குழாய் வெடி ஒன்றைப் பயன்படுத்துவார்கள், அதன் பெயர் பெங்களூர் டார்பிடோ. முதல் உலகப்போருக்கு முன்பே பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் மக்ளின்டாக் என்ற பிரிட்டிஷ் கேப்டன் உருவாக்கியது. நார்மண்டி மணலில் நின்று அந்தப் பெயரைக் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஊர்ப்பெயர் என்றே தெரியாது.

---

மலைமுகடு எழுதியது:

2010 கேமை யாரும் தொடவில்லையே. என்னைப் பொறுத்தவரை கடைசியாக இந்த வரிசை நேர்மையாகச் செய்த கேம் அது. எல்லோரும் நவீனப் போருக்குப் போய்விட்டார்கள் என்று இவர்களும் போனார்கள், ஸ்டுடியோ பெயரையும் டேஞ்சர் க்ளோஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் கற்பனை ரஷ்யப் படையெடுப்பு, அணுகுண்டு என்றெல்லாம் போகாமல் ஆப்கானிஸ்தானில் 2002 மார்ச்சில் நிஜமாக நடந்த அனகொண்டா நடவடிக்கையை எடுத்துக்கொண்டார்கள். ஷாஹிகோட் பள்ளத்தாக்கு, தாக்கூர் கர் மலை உச்சி. அந்த மலையில் நடந்த சண்டைக்காக 2018இல் ஜான் சாப்மன், பிரிட் ஸ்லபின்ஸ்கி என்ற இருவருக்கு உண்மையான மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது, சாப்மனுக்கு இறந்த பிறகு. கேம் வந்து எட்டு வருடம் கழித்து. இந்த வரிசை எந்தப் போரைத் தேர்ந்தெடுத்தது என்பதில் அவர்களுக்குக் கண் இருந்தது.

ஒரு லெவல் சொல்கிறேன். நாலு ரேஞ்சர் வீரர்கள் மண்வீடு ஒன்றில் மாட்டிக்கொள்வார்கள். சுற்றிலும் மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டே இருப்பார்கள், சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து விழும், தோட்டா தீர்ந்துகொண்டே வரும், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். நாயகன் பத்துப் பேரைச் சமாளிப்பான் என்ற தைரியமே வராது. உதவிக்கு ஹெலிகாப்டர் வருகிறவரை நான் நாற்காலியில் சாயவே இல்லை.

பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரை இஏவின் இன்னொரு ஸ்டுடியோவான டைஸ் செய்தது, அதில் ஒரு அணிக்குத் தாலிபான் என்று பெயர் வைத்ததுதான் வினையாகிப் போனது. அப்போது அங்கே போர் நடந்துகொண்டிருந்தது, ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் கடைகள் இதை விற்கக்கூடாது என்றார், அமெரிக்க ராணுவ முகாம்களில் இருந்த கடைகளும் விற்க மறுத்தன. வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு பெயரை எதிரணி என்ற மாதிரி மாற்றினார்கள். மகனை இழந்த தாய் ஒருவர் தொலைக்காட்சியில் பேசியதைக் கேட்டபின் மாற்றியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். 1999இல் புச்சா கேட்ட அதே கேள்விதான் இது, அன்றைக்கு முன்கூட்டியே உட்கார்ந்து பேசினார்கள், இந்த முறை ஊரே கேட்ட பிறகு பேசினார்கள்.

2012 வார்ஃபைட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலகம் சுற்றும் கதை, எங்கே இருக்கிறோம் எதற்குச் சுடுகிறோம் என்றே பிடிபடாது, பிழைகள் வேறு. நிஜத்தன்மைக்காக ஆலோசனை கொடுத்த நேவி சீல் வீரர்கள் ஏழு பேர் மேலிடத்தைக் கேட்காமல் கொடுத்தார்கள் என்று கண்டிக்கப்பட்டு, இரண்டு மாதம் பாதிச் சம்பளம் பிடிக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் இஏ இந்த வரிசையை ஓரங்கட்டுவதாக அறிவித்தது. டேஞ்சர் க்ளோஸ் கலைந்து டைஸ் லாஸ் ஏஞ்சலஸ் ஆனது. இஏவிடம் பேட்டில்ஃபீல்டு என்ற இன்னொரு வரிசை இருந்தது, வீட்டுக்குள் இரண்டு ராணுவ ஷூட்டர் எதற்கு என்று முடிவெடுத்திருப்பார்கள். தம்பி கேட்ட கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்.

---

புழுதிக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரே நாளில் இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கிள்ளான் அண்ணா எழுதியதை வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

இரண்டு சந்தேகம். பழைய டிஸ்க் அண்ணா, ஹிர்ஷ்மன் இருபது வருடம் கழித்துத் திரும்ப வருவார் என்றீர்களே, எதில்? அப்புறம் பிசியில் வரிசையாக ஆடுவதென்றால் எங்கே தொடங்குவது?

---

பழைய டிஸ்க் எழுதியது:

கேட்பாய் என்று தெரியும்.

வெஸ்டையும் ஸாம்பெல்லாவையும் 2010இல் ஆக்டிவிஷன் வேலையைவிட்டு நீக்கியது, வழக்கு நடந்தது, அவர்கள் ரெஸ்பான் என்று புது ஸ்டுடியோ தொடங்கினார்கள். வெஸ்ட் பிறகு விலகிவிட்டார். அந்த ரெஸ்பானை 2017இல் வாங்கியது யார் தெரியுமா, இஏ. அங்கே சேர்ந்த ஹிர்ஷ்மன் இயக்கி, 2020 டிசம்பரில் மெடல் ஆஃப் ஆனர்: அபவ் அண்ட் பியாண்ட் வந்தது. கண்ணில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட்டில் மட்டும் ஆடுவது. அல்லைட் அசால்ட் செய்துவிட்டு ஓடிப்போனவர்களின் ஸ்டுடியோவும் முதல் கேமின் தயாரிப்பாளரும் சேர்ந்து மறுபடி அதே பெயரில். ஜக்கினோ இசையும் உண்டு. கேம் சுமார்தான், லெவல்கள் துண்டு துண்டாக இருக்கும், ஆயிரம் ரூபாய் மிச்சம் இருந்தால்கூட இதற்காக ஹெட்செட் வாங்கு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்குள் ஒரு காட்சிக்கூடம் வைத்தார்கள். போரில் இருந்த முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் சண்டை போட்ட இடங்களுக்கே கூட்டிக்கொண்டு போய் எடுத்த குறும்படங்கள். அதில் ஒன்று 'கொலெட்'. கொலெட் மாரன் கேத்தரின், பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர், படம் எடுத்தபோது 90 வயது. அண்ணன் ஜான் பியரை நாஜிகள் பிடித்துக்கொண்டு போய் மிட்டல்பாவ் டோரா முகாமில் அடைத்தார்கள், அங்கேயே இறந்துபோனார், 19 வயது. அதற்குப் பிறகு ஜெர்மனி மண்ணையே மிதிக்காமல் இருந்தவர், ஒரு இளம் வரலாற்று மாணவியோடு முதல்முறையாக அந்த முகாமுக்குப் போகிறார். இயக்கியவர் ஆன்டனி ஜக்கினோ, இசையமைப்பாளரின் சகோதரர். 2021இல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஒரு கேமுக்காக எடுத்த படம் ஆஸ்கர் வாங்கியது அதுவே முதல்முறை.

டோரா என்ன முகாம் என்று தெரியுமா? வி2 ராக்கெட் செய்வதற்காக மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் கைதிகளை வைத்து வேலை வாங்கிய இடம். 60,000 பேர் வரை அங்கே போனார்கள், மூன்றில் ஒருவர் திரும்பவில்லை. 1999இல் வந்த முதல் கேமின் கடைசி மிஷன் வி2 ராக்கெட் ஆலையிலிருந்து தப்பிப்பது. நாங்களெல்லாம் அதை ராக்கெட் வெடிக்கிறதா என்று மட்டும் பார்த்து ஆடினோம். அந்த ராக்கெட்டைச் செய்தவர்கள் யார் என்று சொல்ல அதே ஹிர்ஷ்மனுக்கு 21 வருடம் கழித்து வாய்ப்புக் கிடைத்தது, சொல்லிவிட்டார். கிள்ளான்காரன் கேட்ட அந்த ஒரு நிமிடம் இதுதான் என்று நினைக்கிறேன், குவாய் நதிக்கும் ஒருநாள் யாராவது செய்யட்டும். படத்தைப் பார்க்க ஹெட்செட் தேவையில்லை, கார்டியன் நாளிதழ் தளத்தில் இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகாது.

ஆடுகிற வரிசை: நீ ஏற்கெனவே அல்லைட் அசால்ட் தொடங்கிவிட்டாய், அதை முடி. கேம்கள் விற்கும் ஜிஓஜி தளத்தில் வார் செஸ்ட் என்ற பெயரில் இரண்டு எக்ஸ்பான்ஷனோடு கிடைக்கும், அவற்றில் ஸ்பியர்ஹெட்டை விட்டுவிடாதே. அடுத்து பசிஃபிக் அசால்ட், இன்றைய கணினியில் ஊராது, ஓடும். பிறகு ஏர்போர்ன், கடைசி லெவலில் காலாட்படை சொன்ன முகமூடிக்காரனைச் சகித்துக்கொள். 2010 கேமோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் கேமையும் அண்டர்கிரவுண்டையும் பழைய பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டு ஆடவேண்டும், ஃப்ரன்ட்லைன் பிஎஸ்3இல் 2010 கேமின் டிஸ்க்கிலேயே மெருகேற்றிக் கொடுத்தார்கள், செகண்ட் ஹேண்டில் தேடு.

அல்லைட் அசால்ட் புது விண்டோஸில் தகராறு செய்தால் ஓப்பன்மோஹா என்று ரசிகர்கள் செய்த திறமூல எஞ்சின் இருக்கிறது, கேம் ஃபைல்களை அதற்குள் காட்டிவிட்டால் போதும், லினக்ஸிலும் ஓடும். மல்டிபிளேயர் பட்டியல் வராவிட்டால் பயப்படாதே, ஆட்களை இணைத்துக்கொடுத்த கேம்ஸ்பை சர்வர்கள் 2014இலேயே மூடிவிட்டார்கள், ரசிகர்கள் நடத்துகிற மாற்று சர்வர்களில் இன்னும் ஆட்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐரோப்பிய நேரத்துக்குச் சாயங்காலம், நமக்கு ராத்திரி பதினொன்றுக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்கும்.